எந்தப் படிப்புக்கு எந்த மதிப்பெண்?

கேள்வி: கல்லூரி விண்ணப்பத்தோடு நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டுமா? (வாசகர், பெரம்பலூர்)

பதில்: அது படிப்பைப் பொறுத்தது. பெரம்பலூர், அரியலூர் அரசு கலைக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். பொறியியலுக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007-இல் ரத்தானது. அரசுக் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கே ஜே.இ.இ. தேவை.

எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அந்தந்த ஆண்டின் நீட் மதிப்பெண் கட்டாயம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இதே விதிதான். 2017-இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 பெற்றிருந்தும் மருத்துவ இடம் கிடைக்காமல் போனது இதனால்தான். 2020 முதல், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவர்களும் நீட் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.