கார்த்திகைக் குளிரும் கார் டயரும்

திருவண்ணாமலைத் தீபத்துக்கு வருகிற கார்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தங்களிலேயே மடக்கிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, விடிகாலையில் வந்து வண்டியைக் கிளப்பினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. லாட வடிவத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவு என்று அர்த்தம்.

1. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. இறங்கும். மார்கழிப் பனியில் நம் ஊரில் பகலுக்கும் விடிகாலைக்கும் அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். ஆனால் பெரும்பாலான கார்களில் 20 முதல் 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரியும்; அதாவது, 33 இருக்கவேண்டிய டயர் 26, 25 என்று வந்தபிறகு. ஆகவே பழியைப் பனிமேல் மட்டும் போடாதீர்கள். பல மாதமாகக் காற்றுப் பார்க்காத டயரைத்தான் குளிர் காட்டிக்கொடுக்கிறது.

2. செங்கம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் விளக்கு தானாக அணையலாம். டயர் சூடேறி அழுத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் காலை திரும்ப எரியும்.

3. எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். முழு ஆளும் சாமானும் ஏற்றினால் அளவு வேறு, அதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அளவு அடிப்பதற்கானது அல்ல.

4. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபிறகு பார்க்கும் அளவுதான் சரியானது. பங்க் தொலைவில் இருந்தால் என்ன செய்வது? சின்ன கேஜ் ஒன்று வாங்கி வீட்டிலேயே பாருங்கள். 28 காட்டுகிறது, வேண்டியது 33 என்றால் குறை 5. பங்க் போய்ச் சேரும்போது அதே டயர் 31 காட்டும். அங்கே 36 வரை அடிக்கச் சொல்லுங்கள். “சார், அதிகமா இருக்கே” என்று பையன் 33-க்கு இறக்கப் பார்ப்பான்; விடாதீர்கள்.

5. நாலு டயரும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் குளிரும் கவனக்குறைவும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் பங்க்சர். நிறுத்தின இடம் கருவேலங்காடாக இருந்தால் முதலில் முள்ளைத் தேடுங்கள். டியூப்லெஸ் டயரில் ஏறிய முள்ளையோ ஆணியையோ அங்கேயே பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். எதுவும் தென்படாவிட்டால் வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழ் வருகிறதா பாருங்கள்.

6. வண்டி கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் கோளாறு சென்சாரில். ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகவேண்டும். காற்று அடித்தும் அணையாத சில கார்களில் ரீசெட் செய்யவேண்டியிருக்கும். கையேட்டில் வழி இருக்கும்.

7. நைட்ரஜன் அடித்தால் குளிரில் இறங்காது என்பார்கள். அதுவும் இறங்கும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடிப்பது உங்கள் இஷ்டம்.

8. ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூர் பக்கம் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். 2020-ல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிப்படி, இந்த எச்சரிக்கை வசதியும் டியூப்லெஸ் பழுது கிட்டும் உள்ள கார் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். ஸ்டெப்னி இருந்தால் அதற்கும் காற்றுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அதற்கு சென்சார் கிடையாது.