சுருட்டும் சிங்கிள் மால்ட்டும்: பீன்யா தம்பிகளுக்குச் சில அறிவுரைகள்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், டூல் ரூம்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம், புகையிலை விளைகிற மண். இலை பறிப்பதையும் பாடம் போடுவதையும் பார்த்து வளர்ந்தவன். இப்போது பீன்யாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கையில் கியூபச் சுருட்டு வந்து சேர்கிறது. துபாயிலிருந்து வரும் அண்ணன் கொடுக்கிறான், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் பரிசாகத் தந்துவிட்டுப் போகிறார். கூடவே ஒரு விஸ்கி பாட்டில். "இதை எப்படிப் பிடிக்கிறது, எதோடு குடிக்கிறது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாரம் முழுக்க மெஷின் முன்னால் நின்றவனுக்கு வேண்டியது இளைப்பாற ஒரு மணி நேரம். அந்த நேரத்தைக் காப்பாற்றத் தெரிந்தால் மட்டும் சுருட்டையும் விஸ்கியையும் தொடு.

1. பழக்கம் இல்லை என்றால் பழகாதே.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உள்தோல் வழியாகவே நிகோடின் ஏறும். புகையிலையும் மதுவும் சேரும்போது வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் வருகிற வாய்ப்பு, தனித்தனியாக எடுப்பதைவிடப் பல மடங்கு கூடும். ஓசூர் சாலையில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் நின்று பார், புரியும். கர்நாடகத்தில் 21 வயது ஆகாதவனுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2025-இல் சட்டமே வந்துவிட்டது. பரிசாக வந்துவிட்டதே என்பதற்காகப் பிடிக்க வேண்டியதில்லை. பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடு. ஏற்கெனவே எப்போதாவது பிடிக்கிறவனுக்குத்தான் மற்ற அறிவுரைகள்.

2. மறுநாள் காலை ஷிப்ட் என்றால் அன்றிரவு வேண்டாம்.

பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்களைப் பீன்யாவில் தேடி அலைய வேண்டியதில்லை, எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். டை மேலேயிருந்து இறங்கும் நேரத்துக்குள் கையை எடுக்க வேண்டும். தூக்கம் கெட்ட கண்ணுக்கும் நேற்றைய போதை இறங்காத கைக்கும் அந்த வேகம் வராது. வாரத்துக்கு ஒருநாள் லீவு என்றால் லீவுக்கு முந்தின இரவு மட்டும். அதுவும் எல்லா வாரமும் இல்லை. தீபாவளி, போனஸ், ஒரு பெரிய ஆர்டர் முடிந்த நாள் என்று காரணம் இருக்கட்டும்.

3. வீட்டுக்குப் போக வேண்டிய பணம் முதலில் போகட்டும்.

நல்ல கியூபச் சுருட்டு இங்கே ஆயிரங்களில் விற்கிறது. வாடகை, ஊருக்கு அனுப்புவது, பிள்ளை ஃபீஸ், சீட்டு எல்லாம் கட்டிய பிறகு மிச்சம் இருந்தால் பார். கடன் வாங்கி இதைச் செய்கிறவனுக்கு அந்த ஒரு மணி நேரத்திலும் நிம்மதி இருக்காது.

4. வாங்கும்போது கண்ணைத் திறந்து வாங்கு.

கியூபச் சுருட்டில் போலி அதிகம். அசல் பெட்டியில் கியூப அரசின் பச்சை நிற உத்தரவாத முத்திரை ஒட்டியிருக்கும், மூலையில் 'ஹபானோஸ்' என்ற பட்டை இருக்கும். பெட்டியின் அடியில் கியூபாவில் முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிய மொழியில் சூடு போட்டிருக்கும். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா என்று யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதே. இந்தியக் கடையில் முறையாக விற்கும் பெட்டியில் 85 சதவீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். படம் இல்லாவிட்டால் கடத்தல் சரக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி இல்லாமல் 25 சுருட்டும் 2 லிட்டர் மதுவும் கொண்டுவரலாம்.

5. முதல் சுருட்டு சின்னதாக இருக்கட்டும்.

சுருட்டின் தடிமனை 'ரிங்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. உன் வெர்னியரை வைத்துப் பார்: 42 ரிங் என்றால் 16.67 மில்லிமீட்டர், 50 ரிங் என்றால் 19.84. மான்டிகிறிஸ்டோ 4-ஆம் நம்பர் சுருட்டு 42 ரிங், 129 மில்லிமீட்டர் நீளம். முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். தொடங்குகிறவனுக்கு அது போதும். 50, 52 ரிங் என்று தடியாக வாங்கிப் பாதியிலேயே தலை சுற்றிப் படுப்பதில் பெருமை இல்லை.

6. சேர்த்து வைக்காதே.

சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும், 20 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். பீன்யாவின் சீட் போட்ட ரூமில் ஏப்ரல் மாதம் அது நடக்காது. சூடு 25-ஐத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிந்து சுருட்டில் ஊசித் துளை விழும். பிரிட்ஜில் வைத்தால் காய்ந்து வெடிக்கும். ஒன்று வாங்கு, காற்றுப் புகாத பையில் ஈரப்பதப் பொட்டலத்தோடு போட்டு வை, சில நாளுக்குள் முடி. விரலால் மெல்ல அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி மீண்டும் எழ வேண்டும். நொறுங்குகிற சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

7. வெட்டுவதும் பற்றவைப்பதும் கைவேலை.

சுருட்டின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சின்ன இலைத்துண்டு ஒட்டியிருக்கும். அதில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூர்மையான கட்டரால் ஒரே வெட்டில் எடு. அதிகமாக வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும், பல்லால் கடித்தால் கிழியும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாடை இலையில் ஏறும். கேஸ் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ போதும். வாயில் வைப்பதற்கு முன்பே அடிப்பக்கத்தைச் சுடருக்கு மேலே, தொடாமல், சுற்றிச் சுற்றிக் காட்டு. விளிம்பு முழுக்க ஒரே சீராகக் கனன்ற பிறகு வாயில் வை. புகையை வாயோடு நிறுத்து, நெஞ்சுக்குள் இறக்காதே. நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும். சாம்பலைச் சிகரெட் போலத் தட்டாதே. ஓர் அங்குலம் நின்ற பிறகு கிண்ணத்தில் சாய்த்து உருட்டினால் தானே விழும். கடைசி மூன்றில் ஒரு பங்கு காரமாகும், அங்கே நிறுத்து. நசுக்காமல் வைத்தால் தானே அணையும். தலை சுற்றல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் வந்தால் அது நிகோடின். உடனே கீழே வைத்துவிட்டுத் தண்ணீரும் இனிப்பும் எடு.

8. விஸ்கியைத் தூரத்தில் தேடாதே, வயதைப் பார்த்து மயங்காதே.

நம் நாட்டில் விஸ்கி என்று விற்கும் மலிவுச் சரக்கில் பெரும்பாலானது கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே ஆலையில் வடித்தது. ராதாகிருஷ்ண ஜக்தாலே 1948-இல் பெங்களூரில் தொடங்கிய அம்ருத் நிறுவனம், மைசூர் சாலையில் கம்பிபுரத்தில் அதைச் செய்கிறது. அவர் மகன் நீலகண்ட ராவ் காலத்தில், 2004-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் விற்பனைக்கு இறக்கினார்கள். இந்திய பார்லியும் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியும் சேர்ந்த அம்ருத் ஃப்யூஷனை, 2010-ஆம் ஆண்டுக்கான தன் விஸ்கிக் கையேட்டில் ஜிம் முர்ரே உலகில் மூன்றாவது என்று எழுதினார். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூர்ச் சூட்டில் 10 முதல் 12 சதவீதம் போய்விடுகிறது. அதே வேகத்தில் மரத்தின் சாரமும் இறங்குவதால் இங்கே நாலைந்து வருடத்தில் விஸ்கி முதிர்ந்துவிடும். ஆகவே பாட்டிலில் 12, 18 என்று எண் இல்லையே என்று குறைவாக எண்ணாதே.

9. ஒரு சுருட்டுக்கு 30 மில்லி.

சாப்பிட்ட பிறகு உட்கார், வெறும் வயிற்றில் இரண்டும் ஆகாது. ஸ்மால் ஒன்று ஊற்று, 30 மில்லி. கோலா கலந்தால் பார்லி வாசனை செத்துவிடும். 46, 50 சதவீதம் ஆல்கஹால் உள்ள மால்ட்டில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால் வாசனை திறக்கும். முதலில் மூக்கருகே வைத்து முகர், பிறகு நாக்கு நனைகிற அளவு எடு. சுருட்டின் முதல் பகுதிக்குத் தண்ணீர் மட்டும் வைத்துக்கொள், இலையின் ருசி தெரியட்டும். பாதியில் விஸ்கியைத் தொடங்கு. மென்மையான சுருட்டுக்குப் புகை வாடை இல்லாத மால்ட், காரமான சுருட்டுக்குப் புகையூட்டிய மால்ட். இரண்டாவது ஸ்மால் கேட்கத் தோன்றும், ஊற்றாதே. கவுன்ட்டரில் நின்றபடி குவார்ட்டரைக் கவிழ்த்துவிட்டு ஓடும் பழக்கம் உள்ளவன் இதைத் தொடவே வேண்டாம்.

10. இடம் பார்த்து உட்கார்.

பொது இடத்தில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை. பட்டறைப் பக்கம் கூடவே கூடாது, தின்னரும் கட்டிங் ஆயிலும் இருக்கிற இடம். வீட்டுக்குள்ளும் வேண்டாம், பிள்ளைகளும் மனைவியும் உன் புகையைச் சுவாசிக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்காரர் அனுமதித்தால் மொட்டை மாடி. நண்பர் வீட்டுக்குப் போனால் பைக்கை விட்டுவிட்டு மெட்ரோவில் போ, பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தும்கூர் சாலையில் இரவில் ஓடும் லாரிகள் அதைவிடப் பெரிய தண்டனை.

11. உருட்டிய கையை நினை.

கியூப ஆலைகளில் சுருட்டு உருட்டுகிறவர்களுக்கு ஒருவர் உயர்ந்த மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். 1865 முதல் இருக்கிற வழக்கம் அது. மான்டிகிறிஸ்டோ என்ற பெயரே அப்படி அவர்கள் கேட்டு ரசித்த அலெக்சாண்டர் துமாவின் நாவலிலிருந்து வந்தது. கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் இப்படித்தான் படிக்கக் கேட்டபடி இலை சுற்றினார்கள். நம் பக்கத்தையும் மறக்காதே. திருச்சி உறையூர்ச் சுருட்டு லண்டன்வரை போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டு ஆலையே நடத்தியது. மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற நீ, இன்னொரு தொழிலாளியின் கைவேலையை மதிக்கத் தெரிந்தவனாக இரு. அவசரமாக ஊதித் தீர்ப்பது அந்த வேலைக்கு மரியாதை இல்லை.

12. பெரிய மனிதர்களின் படத்தைப் பார்த்து ஆரம்பிக்காதே.

சர்ச்சில் 1895-இல் கியூபாவுக்குப் போனார், 1896-இல் குதிரைப்படை அதிகாரியாக இதே பெங்களூருக்கு வந்தார். சுருட்டும் விஸ்கியும் அவர் அடையாளம் ஆயின. 1943-இல் வங்கம் பட்டினியில் செத்தபோது பிரிட்டன் பிரதமராக இருந்தவரும் அவர்தான். வாயில் இருக்கும் சுருட்டு ஒருவனைப் பெரியவன் ஆக்காது. அதைப் பிடித்தபடி போட்டோ போடுவதற்காக இதைச் செய்கிறவன் தன் ஓய்வை மற்றவர்களிடம் கொடுத்துவிடுகிறான்.

13. விட முடிகிறதா என்று அடிக்கடி பார்.

மூன்று மாதம் சுருட்டும் வேண்டாம், விஸ்கியும் வேண்டாம் என்று இரு. ஞாபகமே வராவிட்டால் நீ அதன் பிடியில் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கை நடுங்கினால், மனம் அதையே சுற்றினால், அது இளைப்பாறுதலாக இல்லாமல் போய் நாளாயிற்று என்று தெரிந்துகொள். வெட்கப்படாதே. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதைப் பழக்கத்துக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. புகையிலையை விடுவதற்கு 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என் மாதிரி ஒரு பெரியவரைக் கூட அழைத்துக்கொண்டு போ, எந்தப் பெரியவரும் வரமாட்டேன் என்று சொல்லமாட்டார்.