நடிகரைத் திட்டுவதற்கு முன்

மொன்றியல்

அன்புள்ள மருமகளுக்கு,

கைபேசியில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. தாய்லாந்து நாடகங்கள் முன்போல் இல்லை, நடிகர்கள் அழகாக இருக்கிறார்கள், ஆனால் நடிக்கத் தெரியவில்லை, ஏன் மாமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மம்மாவும் 'கோலங்கள்' முடிந்த நாளிலிருந்து தமிழ்த் தொடர்களைப் பற்றி இதையேதான் சொல்லி வருகிறா. இருவருமே நடிகரின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். அந்த முகத்துக்கு எத்தனை நாள் ஒத்திகை கிடைத்தது, அந்த வாய்க்கு எப்படிப்பட்ட வசனம் கிடைத்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதை விளங்கிக்கொள்ள பாங்கொக் வரை போக வேண்டாம். நீ பிறந்து வளர்ந்த இந்த நகரமே எழுபது ஆண்டுகளாக நாடகம் எடுத்து வருகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் நீ. ரேடியோ கனடா என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கும். ஆனாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் அதைப் போட்டே பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

1952 செப்டம்பரில் மொன்றியலில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் ரொஜே லெமலின் எழுதிய 'லா ஃபமி ப்ளூஃப்' வந்தது. கியூபெக் நகரத்துத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதை. வாரம் ஒருமுறை, நேரலையாக. 1954இலிருந்து அதே நடிகர்கள் அதே கதையை ஆங்கிலத்திலும் நேரலையில் நடித்தார்கள். ஒருவர் வசனத்தை மறந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை. அந்த வேலைக்கு மேடையில் பழகியவர்கள்தான் தாக்குப்பிடிப்பார்கள். மகன் ஓவீதாக நடித்த ழான்-லூயி ரூ, தொடர் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தியாத்ர் தியூ நூவோ மோந்த் என்ற நாடகக் குழுவை நண்பர்களுடன் தொடங்கியிருந்தார். மகள் செசிலாக நடித்தவர் தெனிஸ் பெல்தியே. கிழக்கு சென்-கத்ரின் வீதியில் அவர் பெயரில் ஓர் அரங்கு இன்றும் இருக்கிறது.

பதிவு நாடா வந்த பிறகும் அந்த மேடைப் பழக்கம் போகவில்லை. கலையகத்துக்குள் ஒரு குசினி, ஒரு விறாந்தை, சில கமராக்கள், நிறையப் பேச்சு. இன்று பார்த்தால் உனக்கு மெதுவாகத் தோன்றும். ஆனால் அங்கே எழுத்தாளர்தான் அரசர். தொடரை அவர் பெயரால்தான் மக்கள் நினைவில் வைத்தார்கள். 1968இல் மிஷேல் த்ராம்ப்ளே 'லே பெல்-சேர்' நாடகத்தில் கிழக்கு மொன்றியல் பெண்களை அவர்கள் வீட்டில் பேசுகிற மொழியிலேயே பேசவிட்டார். பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதன் பிறகு இங்குள்ள நடிகர்கள் பாரிஸ் உச்சரிப்பைக் கடன் வாங்க வேண்டிய தேவை குறைந்தது. வாய்க்குப் பழகிய மொழியில் பேசுகிற நடிகருக்கு உடம்பும் இலகுவாகிவிடும். நல்ல நடிப்பில் பாதி இதுதான் என்பேன்.

1986இல் 'லான்ஸ் எ கோன்த்' என்ற ஹொக்கித் தொடர் வந்தது. நாடகம் குசினியை விட்டுப் பனித்தளத்துக்கு வெளியேறியது. படச்சுருளில் எடுத்தார்கள், வெட்டு வேகமானது. 1990இல் 'லே ஃபிய் த காலெப்' வந்தபோது 30 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கியூபெக் மாகாணத்தின் மொத்தச் சனத்தொகையே அப்போது 70 லட்சத்துக்குள். அதில் நாயகனாக நடித்த ருவா துப்பி, சென்-தெனி வீதியில் இருக்கும் தேசிய நாடகப் பள்ளியில் 1986இல் படித்து முடித்தவர். முகம் அழகுதான். ஆனால் அவர் சும்மா நின்று கேட்கிற காட்சிகளைப் பார். எதிரே நிற்பவர் பேசுவது அவருக்குள் இறங்குவது தெரியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அவசரமாக எடுப்பதுதான் குற்றம் என்று முடிவு கட்டிவிடாதே. ரேடியோ கனடாவில் மாலை 7 மணிக்கு வாரத்தில் நான்கு நாள் வரும் அரைமணி நாடகம் இருக்கிறதே, அது இந்த முடிவைப் பொய்யாக்கும். ஃபபியென் லாரூஷ் எழுதிய 'விர்ஜினி' 1996இலிருந்து 2010 வரை ஓடியது. பின்னர் '30 வீ'. 2016இல் லுக் தியோன் எழுதிய 'திஸ்த்ரிக் 31' என்ற பொலிஸ் தொடர். ஆறு பருவங்கள், 720 பகுதிகள். நம் தொடர்களுக்குச் சற்றும் குறையாத வேகம். இருந்தும் நடிப்பு தளரவில்லை. பெரும்பாலும் ஒரே கையால் எழுதப்பட்டது, அதனால் பாத்திரங்கள் நேற்றுப் பேசியதை இன்று மறக்கவில்லை. நடிகர்களில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள். குறைந்த நேரத்தில் வசனத்தை உள்வாங்கும் பயிற்சி அவர்களிடம் முன்பே இருந்தது. வசந்தத்தில் பருவம் முடியும், இலையுதிர் காலத்தில்தான் திரும்பத் தொடங்கும். எழுதுபவருக்கு மூச்சு விட இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2022இல் உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்தினார்கள்.

அம்மம்மாவின் தொடர்களுக்குக் கிடைக்காதது இந்தக் கடைசி இரண்டும்தான்: இடைவேளையும், நேரத்தோடு ஒரு முடிவும். 'கோலங்கள்' 2003இலிருந்து 2009 வரை 1500 பகுதிகளைத் தாண்டியது. தேவயானியிடமோ இயக்கிய திருச்செல்வத்திடமோ திறமைக்குக் குறையில்லை. ஆனால் டிஆர்பி என்கிற பார்வையாளர் கணக்கு உயர்ந்திருக்கும்வரை கதையை முடிக்க விடமாட்டார்கள். முடிய வேண்டிய கதை முடியாதபோது நடிகருக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது. அதே அதிர்ச்சி முகத்தை மூன்று கோணத்தில் காட்ட வேண்டியதுதான். பல தொடர்களில் அந்த முகத்துக்குக் குரலும் வேறொருவருடையது. முகமும் குரலும் இரண்டு பேரிடம் இருக்கும்போது நடிப்பை எங்கே தேடுவது?

அந்தத் தொடர்களை எடுக்கும் அதே சென்னையில் 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத நாகா இயக்கிய 'மர்மதேசம்' வாரம் ஒருமுறைதான் வந்தது. அதில் வந்த 'விடாது கருப்பு' கதை இன்றும் சலிப்பதில்லை. 2023இல் முத்துக்குமார் இயக்கிய 'அயலி' எட்டே பகுதிகளில் முடிந்தது. பள்ளிச் சிறுமியாக நடித்த அபி நட்சத்திராவைப் பார்த்தபோது எனக்கு உன் நினைவு வந்தது. மொழியும் அதே மொழி, ஊரும் அதே ஊர். கொடுத்த நேரமும் போட்ட எல்லையும்தான் வேறு.

இனி உன் தாய்லாந்துக்கு வருகிறேன். அங்கே நெடுங்காலம் 3ஆம், 7ஆம் அலைவரிசைகள்தான் பெரிய நடிகர்களை ஒப்பந்தத்தில் வைத்திருந்தன. அதில் சுதந்திரம் குறைவு. ஆனால் ஒரு நடிகரை வருடக்கணக்கில் வளர்த்தெடுக்க ஓர் இடம் இருந்தது. 2014இல் டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததும் அலைவரிசைகள் பெருகின, விளம்பரப் பணம் சிதறியது. பின்னர் இணையத் தளங்கள் வந்தன. நடிகரைத் தெரிவு செய்யும்போது அவருக்கு எத்தனை விசிறிகள் என்பதும் கணக்கில் வரத் தொடங்கியது. நீ பார்க்கிற சறுக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 2018ஐ மறந்துவிடாதே: 'புப்பேசன்னிவாத்' தொடர் நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்தது, 'கேர்ள் ஃப்ரம் நோவேர்' தொடரில் சிச்சா அமாத்தயகுல் பள்ளிச் சீருடையில் செய்த வேலை எந்த ஊர் நடிகைக்கும் சவால். ஆகவே தரம் விழுந்தது என்று ஒரேயடியாகச் சொல்வது நியாயமில்லை. எண்ணிக்கை கூடியது, நடுத்தரம் பெருகியது, நல்லதைத் தேட வேண்டியிருக்கிறது.

தேடுவதற்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். பேசுகிறவரை விட்டுவிட்டு, காட்சியில் பேசாமல் இருப்பவரைக் கொஞ்ச நேரம் கவனி. தன் முறை வரும்வரை காத்திருக்கிறாரா, கேட்கிறாரா என்பது உடனே தெரிந்துவிடும். பின்னணி இசை உன்னை அழச் சொல்கிற இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார். பிடிக்காத நடிகரை வேறோர் இயக்குநரின் கையில் ஒருமுறை பார்க்காமல் ஒதுக்காதே.

இதைப் பழக நான் தெரிந்தெடுத்திருப்பது '19-2'. மொன்றியல் ரோந்துப் பொலிஸார் இருவரின் கதை, 2011இல் தொடங்கியது. பின்னர் ஆங்கிலத்திலும் எடுத்தார்கள், நீ பிரெஞ்சையே பார். இரண்டாம் பருவத்தின் முதல் பகுதியில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு. பத்து நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் கமரா பொலிஸாரின் பின்னால் ஓடுகிறது. 1989இல் பொலிடெக்னிக் கல்லூரித் துப்பாக்கிச் சூட்டில் 14 பெண்களை இழந்த நகரம் இது. 2006இல் டோசன் கல்லூரித் துப்பாக்கிச் சூட்டையும் கண்டது. அந்த நடிகர்கள் ஓடுகிற ஓட்டத்தில் அது இருக்கிறது. பாரமான பகுதி, தனியாக இருந்து பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா, மாமி சமைக்கிறா, சேர்ந்து பார்ப்போம். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பிரெஞ்சு விளங்காவிட்டாலும் யார் நடிக்கிறார், யார் நடிக்கவில்லை என்று அவ சொல்வா.

அன்புடன்,
மாமா