இசைக்குறி எழுதும்போது விசை வேலை செய்யவில்லையா?



பாட்டுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் எழுத நம்மில் சிலர் மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். 2002-ல் வெர்னர் ஷ்வேர் தொடங்கிய இது இலவசமாகக் கிடைப்பது நம் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். மவுஸால் ஒவ்வொரு நோட்டாக வைத்தால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். விசையால் எழுதினால் சட்டென்று முடியும். 'என்' அழுத்தினால் எழுதும் நிலை வரும். 5 என்றால் கால் நோட், 4 என்றால் அரைக்கால், 3 என்றால் வீசம். பிறகு 'ஏ' முதல் 'ஜி' வரை ஸ்வரங்கள். அவ்வளவுதான்.

ஆனால் அவசரத்தில்தான் விசை மக்கர் பண்ணும்! சென்ற ஆண்டு விழா ஒத்திகையின்போது என் வகுப்பு நண்பனின் லேப்டாப்பில் ஒரு நோட்டும் விழவில்லை. "கீபோர்டு போச்சு, புதுசு போடணும்" என்றார் ஒரு கடைக்காரர். கனகசெட்டிக்குளத்திலிருந்து படிக்க வரும் எனக்கு, எங்கள் வீட்டில் முதலில் டிப்ளமோ சேர்ந்தவனுக்கு, அந்தப் பணம் அப்பாவின் பல நாள் கூலி என்று தெரியும். நண்பன் வீட்டு நிலையும் அதேதான். லேபில் நமக்குச் சொல்லித்தரும் முறையிலேயே தேடினோம்: பழுது எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துப் பார்!

முதல் சோதனை: நோட்பேடைத் திறந்து 'என்' விசையையும் 5-ஐயும் அழுத்துங்கள். என்ன விழுகிறது என்பதே விடை.

1. 'ல' விழுந்தால்: தமிழ்99 விசைப்பலகை இயங்குகிறது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற அந்த அமைப்பில் 'என்' இருக்கும் இடத்தில் 'ல', 'ஏ' இருக்கும் இடத்தில் 'அ'. மென்பொருள் பாவம், 'ல'வை வைத்து என்ன செய்யும்? இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தினாலே விண்டோஸில் மொழி மாறிவிடும். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு வாருங்கள். நண்பனுக்கு நடந்தது இதுதான். செலவு சுழியம்!

2. 5-க்குப் பதில் அடைப்புக்குறி விழுந்தால்: பிரெஞ்சு அமைப்பு. நம் புதுச்சேரியில் பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவரும் லேப்டாப்புகள் உண்டு. அதில் எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். 'ஏ'வும் 'க்யூ'வும் இடம் மாறியிருக்கும். ஆங்கில அமைப்பைச் சேர்த்து, விசையின் இடத்தைப் பார்த்து அழுத்துங்கள்.

3. எதுவுமே விழாவிட்டால்: யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். அதில் சரியாக வந்தால்தான் உள்ளே இருக்கும் பலகையைச் சந்தேகிக்க வேண்டும்.

4. எல்லாம் சரியாக விழுந்தால்: குறை மென்பொருளுக்குள். எஸ்கேப்பை இரண்டு முறை தட்டி, ஒரு பாரைக் கிளிக் செய்து, மறுபடி 'என்' அழுத்துங்கள். தேடல் பெட்டியில் கர்சர் நின்றால் எழுத்து அங்கேதான் போகும். அப்படியும் வராவிட்டால் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் ஷார்ட்கட்ஸ். யாராவது மாற்றியிருந்தால் பழையபடி மாற்றலாம்.

இன்னும் இரண்டு. எஃப்10 அழுத்தினால் மிக்சர் வராமல் ஒலி கூடினாலோ வெளிச்சம் மாறினாலோ, எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். ஆல்ட்டுடன் எண் அழுத்துவது மட்டும் வேலை செய்யாவிட்டால், என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அதை முந்திக்கொண்டு எடுத்திருக்கலாம். அதை மூடிவிட்டுப் பாருங்கள்.

நண்பர்களே! ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் நோட்பேடைத் திறப்போம். பர்ஸைத் திறப்பது கடைசியில்தான் இருக்கட்டும்!