கொழும்பு வீட்டில் ஆக்சலோட்டல் தொட்டி: குறைந்த செலவில் அமைக்கும் முறை

கமக்காரர்களே,

மரக்கறி லொறியுடன் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் பிள்ளைகளின் வீட்டில் ஓரிரவு தங்கிச் செல்லும் உங்களிற் சிலரிடம், பேரப்பிள்ளைகள் ஆக்சலோட்டல் என்னும் நீர்ப்பிராணியை வாங்கித் தருமாறு கேட்டிருக்கலாம். தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்கள், நான்கு சிறு கால்கள், சிரிப்பது போன்ற வாய். கண்ட பிள்ளை விடாது. வாங்குமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ளுங்கள். கொழும்பில் இதற்கு ஆகும் பெருஞ்செலவு கண்ணாடிக்கன்று, குளிருக்கேயாகும். அதைக் கணக்கிடாது தொட்டி வாங்குபவர் பிராணியை விரைவில் இழப்பர்.

ஆக்சலோட்டல் மீனன்று, தவளையைப் போன்ற ஈரூடகவாழியாகும். தவளையின் வாற்பேத்தை வளர்ந்து கரையேறும். இதுவோ செவுளுடனேயே முதிர்ந்து, முட்டையிட்டு, வாழ்நாள் முழுவதையும் நீரிலே கழிக்கும். வெட்டுண்ட காலும் மீண்டும் முளைக்கும். மெக்சிக்கோ நகரை அடுத்த சொச்சிமில்கோ வாய்க்கால்கள் இதன் தாயகம். அங்குள்ள கமக்காரர், ஏரிச்சேற்றை வாரி மேடாக்கிய சினாம்பா என்னும் பாத்திகளில் இன்றும் மரக்கறி பயிரிடுகின்றனர். பாத்திகளுக்கிடையே உள்ள நீரில் இது வாழ்ந்து வந்தது. 1998இல் ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 எனக் கணக்கிடப்பட்டவை, 2014இல் 36 ஆகக் குறைந்தன. நகரக் கழிவுநீரும், உணவுக்கென விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் இவ்வழிவுக்குக் காரணமாயின. 1952இல் நமது நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இங்கே ஏழைக்கு உணவாயிற்று. அங்கே திலாப்பியா இப்பிராணிக்குப் பகையாயிற்று.

அவ்விடம் கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது, நுவரெலியாவினும் உயரம். ஆதலின் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரையான நீரே இதற்கு உகந்தது. நீர் 24 பாகையைத் தாண்டி நின்றால் உணவை மறுக்கும், செவுளிலும் தோலிலும் பூஞ்சணம் படரும், ஈற்றில் இறக்கும். கொழும்பு வீட்டுத் தொட்டி நீரோ பெரும்பாலும் 28, 29 பாகையில் நிற்கும்.

பனிக்கட்டிப் போத்தலை மிதக்கவிட்டாற் போதாதா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை குளிர்விக்க அகற்ற வேண்டிய வெப்பத்தை ஓர் அலகு என்போம். 75 லீற்றர் நீரை 29 பாகையிலிருந்து 18 பாகைக்கு இறக்க 825 அலகு வெப்பம் அகல வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி 18 பாகையை அடையும்போது ஏறக்குறைய 98 அலகையே இழுக்கும். ஆகவே, ஒரு தடவை குளிர்விப்பதற்கே எட்டரைக் கிலோ பனிக்கட்டி வேண்டும். அறையின் வெப்பமோ உடனே திரும்ப ஏறத் தொடங்கும். இவ்வாறு ஏறியிறங்கும் வெப்பம் பிராணியை மேலும் வருத்தும். மின்விசிறியின் பயனும் சொற்பம். மண்பானைத் தண்ணீர் வறண்ட காற்றில் நன்கு குளிர்வதையும் ஈரக்காற்றில் அவ்வளவாகக் குளிராததையும் அறிவீர்கள். கொழும்பின் கடற்காற்று ஈரக்காற்று.

எனவே, நீர் குளிரூட்டும் பொறியே வழி. அதன் விலை தொட்டி, காற்றுப் பம்பி, பஞ்சு வடி ஆகிய யாவற்றினும் பன்மடங்கு. மின்கட்டணமும் மாதந்தோறும் கூடும். தொட்டியின் பின்புறம், பக்கங்கள், அடிப்பாகம் ஆகியவற்றை ரெஜிபோம் பலகையால் மூடினால் பொறியின் வேலை குறையும். மீன் பெட்டிகளின் பழைய ரெஜிபோமே போதும். தொட்டியை மேற்குச் சுவரோரமும் அடுப்பறையிலும் வைக்கலாகாது. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்னரே எண்ணுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. பனிக்கட்டிப் போத்தல் பயன்படுவது அத்தகைய வேளையில்தான்.

மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள் வேறு. 90 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பழைய தொட்டி, கசிவில்லையாயின், ஒரு பிராணிக்குப் போதும். இது அடியில் நடப்பதாதலின் உயரம் வேண்டியதில்லை. விளக்கு வேண்டாம், ஒளியை விரும்பாது. சரளைக்கல் அறவே வேண்டாம். அதை விழுங்கிக் குடல் அடைபட்டு மாளும். வெறும் கண்ணாடி அடியே நன்று. ஒளிந்திருக்க, விளிம்பு தேய்த்த உடைந்த மண்சட்டி ஒன்று போதும். மூடி மட்டும் இருத்தல் வேண்டும். சில வேளை துள்ளி வெளியே விழும்.

குழாய்நீரில் குளோரீன் உண்டு. கடையில் விற்கும் குளோரீன் நீக்கித் துளியை இட்டே அதைப் பயன்படுத்துங்கள்.

இனி, பலர் தவறும் இடம். வயலில் இட்ட யூரியா அமோனியாவாகி, மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகி, பின் நைத்திரேற்றாவதை உங்கள் விவசாயப் போதனாசிரியர் கூறக் கேட்டிருப்பீர்கள். பிராணியின் கழிவும் அமோனியாவே. அமோனியாவும் நைத்திரைற்றும் அதற்கு நஞ்சு. அவற்றை மாற்றும் பற்றீரியாக்கள் புதிய தொட்டியில் இல்லை. ஆகையால் பிராணியை வாங்குமுன், பஞ்சு வடியை ஓடவிட்டு, சிறு இறால் துண்டொன்றை அழுகவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் வரை காத்திருங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனைத் துளியிற் சிறிதும் தோன்றாத நிலையே அறிகுறி. இக்காலத்திற் குளிரூட்டியை ஓட்டாதீர்கள். வெதுவெதுப்பான நீரிலேதான் இப்பற்றீரியாக்கள் விரைந்து பெருகும். செலவும் மிஞ்சும். பின்னர் குளிரவிட்டு, இன்னும் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்.

உணவுக்கு மண்புழுவைப் போன்றது வேறில்லை. பூச்சிமருந்து படாத தோட்டத்துப் புழுவைக் கழுவி, வளர்ந்த பிராணிக்கு இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கொடுங்கள். வாரந்தோறும் கால்வாசி நீரை மாற்றுங்கள்; இறைத்த நீரை மிளகாய், கத்தரிச் செடிகளுக்கு ஊற்றலாம். மருந்தோ உப்போ கலந்த நீராயின் ஊற்ற வேண்டாம்.

நுவரெலியாவில் கரட், லீக்ஸ் பயிரிடுவோருக்கு மேற்கூறிய செலவிற் பெரும்பகுதி இல்லை. கொழும்பிற் குளிரூட்டி வாங்க இயலாதவர், பிள்ளையிடம் உண்மையைக் கூறி, அதே தொட்டியிற் கப்பி, பிளாட்டி மீன்களை விடுங்கள்; அவை இவ்வெப்பத்தில் நன்கு பெருகும்.

வாங்குபவர், விற்பவரிடம் இறக்குமதி அனுமதி பற்றிக் கேளுங்கள். வனசீவராசிகளின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையில் இப்பிராணி இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. வளர்க்க முடியாது போனால், வெள்ளவத்தைக் கால்வாயிலோ மலைநாட்டு ஓடையிலோ விடாதீர்கள். அலங்காரத் தொட்டியிலிருந்து தப்பிய கத்திமீன் பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலத்திற் பெருகியுள்ளது. ஆக்சலோட்டல் கொழும்பு வெப்பத்தில் மாண்டுபோகலாம். ஆனால் அதன் தோலிற் பூஞ்சண நோய் இருந்தால், அது நீர்வழியே நமது தவளைகளையும் பற்றக்கூடும். வயலிற் பூச்சி தின்னும் தவளை உங்களுக்கு வேண்டியதாகையால், வேண்டாத பிராணியை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.