ஈரல் பாசியும் கொம்புப் பாசியும்

தோழியரே, "பாசி வழுக்கும்; அதில் படிக்க என்ன இருக்கிறது?" என்றுதான் நாங்களும் கேட்டோம். ஐப்பசி மழைக்குப் பின் அறிவியல் ஆசிரியை எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று குனிந்து பார்க்கச் சொன்னார். ஈர மண்ணோடு ஒட்டி, நாணய அளவில் பச்சை வட்டங்கள்! இரண்டிரண்டாகக் கிளைக்கும் தட்டை உடல். உண்மையான வேரில்லை, பூவில்லை. அதுவே ரிக்ஸியா என்னும் ஈரல் பாசி. கோடையில் காய்ந்து மறையும். அதன் ஸ்போர்கள் மண்ணில் கிடந்து அடுத்த மழையில் முளைக்கும். மதுரை வெயிலுக்கு இதைவிட நல்ல உபாயம் ஏது?

கொம்புப் பாசியும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் பருவத்தில் ஊசிபோல் பச்சைக் கொம்புகள் எழும்பி, நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து ஸ்போர்களை உதிர்க்கும். அதன் உடலுக்குள் நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, வாடகையாக நைட்ரஜன் சத்தைத் தரும். எங்களுக்கு ஒரு கொம்புகூடக் கிடைக்கவில்லை.

மேற்கு இமயத்தின் ஈரல் பாசிகளைப் பற்றி லாகூர்ப் பேராசிரியர் சிவராம் காஷ்யப் 1929இல் நூல் வெளியிட்டார். நமக்கு அருகே செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஃபோரோ அடிகளாரின் பழனி மலை மாஸ் பட்டியல் 1961இல் அச்சாயிற்று. மலைக்கு ஆள் உண்டு, கிணற்றடிக்கு?

நாங்கள் மண்ணோடு பெயர்த்து, செய்தித்தாள் உறையில் உலர்த்தி, இடமும் தேதியும் எழுதினோம். ஐந்து உறைகள். ஆறாவதற்குப் போனபோது, ஆண்டு விழாவுக்காகக் கிணற்றடி முழுவதையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தார்கள்!

அடுத்த ஐப்பசியில் நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் இருப்போம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, மறுபடி முளைத்தால் ஆறாவது உறை உங்களுடையது.