புலிக்கும் ஒரு வழி

நுழையும்முன்
சாலை ஊர்களை இணைக்கிறது. காட்டின் நடுவே செல்லும்போது அதே சாலை என்ன செய்கிறது? ஐதராபாத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பயணத்தைப் படித்து அறியலாம்.

குளிர்கால விடுமுறையில் அக்குடும்பத்தினர் பெஞ்ச், கான்ஹா ஆகிய தேசியப் பூங்காக்களைக் காண மகிழுந்தில் புறப்பட்டனர். அப்பா வண்டியை ஓட்டினார். பின்னிருக்கையில் பாட்டியும், ஏழாம் வகுப்பில் பயிலும் மகளும், அவள் தம்பியும் அமர்ந்திருந்தனர். அம்மா கட்டித் தந்த புளியோதரை மணத்தது. நிர்மலுக்கு அருகே கோதாவரியைக் கடந்து, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் சென்று, இரவு நாகபுரியில் தங்கினர்.

மறுநாள் சாலையோரப் பலகையில் ‘44’ என்னும் எண்ணைத் தம்பி கண்டான்.

“நேற்றும் இதே எண்தானே வந்தது, அப்பா?”

“ஆம். இச்சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. இதிலேயே தெற்கே சென்றால் பாட்டியின் மதுரை வந்துவிடும்.”

பாட்டியின் முகம் மலர்ந்தது.

சற்று நேரத்தில் இருபுறமும் தேக்குமரக் காடு சூழ்ந்தது. சாலை தூண்களின்மேல் உயர்ந்து சென்றது. “கீழே ஆறு இல்லையே! பாலம் எதற்கு?” என்று மகள் வினவினாள்.

“மேலே நாம் செல்கிறோம், கீழே விலங்குகள் செல்கின்றன” என்றார் அப்பா. “இச்சாலையை அகலப்படுத்தினால் காடு இரண்டாகப் பிளவுபடும் என்று பலர் எதிர்த்தனர், வழக்குகளும் நடந்தன. அதன் பயனாகவே இத்தகைய கீழ்வழிகள் அமைக்கப்பட்டன. மகாராட்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது உள்ளன. அவற்றுள் மிக நீண்டது 750 மீட்டர். இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தார் பொருத்திய தானியங்கி ஒளிப்படக் கருவிகளில், புலிகளும் மான்களும் காட்டுநாய்களும் கீழே கடந்து செல்வது பதிவாகியுள்ளது.”

“புலி ஏன் சாலையைக் கடக்க வேண்டும்? பெஞ்ச் காட்டிலேயே இருக்கலாமே!” என்றான் தம்பி.

“வளர்ந்த ஆண்புலி தாயின் எல்லையை விட்டுத் தனக்கென ஓர் இடம் தேடிப் புறப்படும். வழி அடைபட்டால், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி வலுக்குன்றும்.”

“பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மைப் போலத்தான்” என்றார் பாட்டி.

பெஞ்ச் காட்டைக் கண்டபின் சிவனி வழியாகக் கான்ஹாவை அடைந்தனர். விடியற்காலைக் குளிரில் திறந்த ஜீப்பில் காட்டுக்குள் சென்றனர். புலி தென்படவில்லை, ஈரமண்ணில் அதன் காலடித்தடம் மட்டுமே இருந்தது. தம்பி வாடினான். அப்போது பரந்த புல்வெளியில், கிளைத்த கொம்புகளுடன் பாரசிங்கா மான்கள் மேய்வதை வழிகாட்டி சுட்டிக்காட்டினார்.

“1970ஆம் ஆண்டில் இங்கு 66 மான்களே எஞ்சியிருந்தன. வேலியிட்ட பகுதியில் குட்டிகளைக் காத்தும், புல்வெளிகளைப் பேணியும் இவற்றை மீட்டனர். இப்புல்வெளிகளில் பல, முன்பு ஊர்களாக இருந்தவை. கோண்டு, பைகா மக்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டனர்” என்றார் அவர்.

“அவர்கள் மறுபடியும் இங்கு வரவே முடியாதா?” என்று மகள் கேட்டாள். வழிகாட்டி இல்லை என்று தலையசைத்தார். வண்டியில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பெஞ்ச் காட்டுக்கும் கான்ஹாவுக்கும் இடையே காடுகளும் வயல்களும் ஊர்களும் கலந்த வழித்தடம் உள்ளது. அதன் வழியே புலிகள் நடந்து செல்கின்றன. பூங்காவின் எல்லைக்குள் உள்ள காட்டை மட்டும் காத்தால் போதாது. இடையிலுள்ள வழியையும் காக்க வேண்டும். அங்கு வாழும் மக்களின் நலமும் அதனுடன் பிணைந்தது.

சொற்பொருள்
வினவினாள் – கேட்டாள். பேணி – காத்து வளர்த்து. எஞ்சிய – மீதமிருந்த. வழித்தடம் – செல்லும் பாதை

பிரித்து எழுதுக
1. தனக்கென 2. வழித்தடம் 3. இச்சாலை

விடை எழுதுக
1. கீழ்வழிகள் அமைக்கப்பட்டதன் காரணம் யாது?
2. ஆண்புலி தாயின் எல்லையை விட்டுச் செல்வது ஏன்?
3. பாரசிங்கா மான்கள் எவ்வாறு மீட்கப்பட்டன?

சிந்தித்து எழுதுக
காட்டைக் காப்பதற்காக ஊரைவிட்டுச் சென்றோர்க்கு நாம் செய்ய வேண்டியவை யாவை? உம் வீட்டுப் பெரியோரிடம் உரையாடி, ஐந்து தொடர்களில் எழுதுக.